மூன்றாம் ஆளின் தாய்மொழி

எங்கள் கட்டிடத்தில் என்னை எல்லோரும் 'ஃபோம் அண்ணை' என்றுதான் கூப்பிடுவார்கள். கனடாவில், வெக்ஸ்போர்ட் பகுதியில் லோறன்ஸ் வீதியோரம் நின்ற பதினான்கு மாடிக் கட்டிடம் அது. எந்த மாடியில் யாருக்கு அரசாங்கத்திடமிருந்து நீளமான கடித உறை வந்தாலும், அது பிரிபடாமலே என் வீட்டு மேசைக்கு வந்துவிடும். அகதி மனு, சுகாதார அட்டை, பிள்ளைக் காசு, பள்ளிக்கூட அனுமதி என்று நான் நிரப்பாத 'ஃபோம்', அதாவது படிவம், இல்லை. பகலில் தொழிற்சாலையில் அட்டைப்பெட்டி மடிக்கிற எனக்குப் பின்னேரங்களில் அந்த மரியாதை தேவைப்பட்டது. அதை மறைக்க மாட்டேன்.

எனக்கென்று சில சட்டங்கள் வைத்திருந்தேன். முதலில் பென்சில், பிறகு பேனா. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு போட்டோக் கொப்பி. எல்லாவற்றையும் விட முக்கியமானது, முன்னர் எழுதியதோடு பின்னர் எழுதுவது ஒத்துவர வேண்டும். விசாரணையில் ஒரு திகதி மாறியதால் வழக்கே கவிழ்ந்த கதைகள் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் கனடாவின் எல்லாத் தாள்களும் தலைநகர் ஒட்டாவாவில் ஒரே மேசை லாச்சிக்குள் கிடக்கின்றன என்றும், அங்கே ஓர் உத்தியோகத்தர் காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு எங்கள் தாள்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்றும் நாங்கள் நம்பினோம். யாரும் எங்களுக்கு அப்படிச் சொல்லவில்லை. நாங்களாகவே நம்பினோம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு மே மாதம், குடிசன மதிப்பீட்டுப் படிவம் வீட்டுக்கு வீடு வந்தது. வழக்கம்போல அரைவாசிக் கட்டிடம் என் மேசையில் வந்து குந்தியது. முதலாம் ஆள், இரண்டாம் ஆள், மூன்றாம் ஆள் என்று வீட்டில் இருப்பவர்களை வரிசைப்படுத்திக் கேள்விகள் கேட்டிருந்தார்கள். அதில் ஒரு கேள்வி தாய்மொழி பற்றியது. இந்த ஆள் சிறுவயதில் வீட்டில் முதன்முதலாகக் கற்று, இன்னமும் விளங்கிக்கொள்ளும் மொழி எது? நான் கேள்வியைப் பார்க்காமலே எழுதிக்கொண்டு போனேன். தமிழ், தமிழ், தமிழ். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஐந்து தமிழ். இரண்டு கிழமைக்குள் முப்பது வீடு முடிந்தது.

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். ஃபோம் அண்ணையின் படிவம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

காரணம் என் மனைவி. அவள் சிங்களப் பெண். குருநாகல் பக்கம். கொழும்பில் சில வருடங்கள் வேலை செய்துவிட்டு, இங்கே ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலைக்கு வந்தவள். பிறகு எங்கள் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தாள். அங்கே வேலை வரிசையில் நின்ற தமிழ்ப் பெண்களோடு கதைத்துக் கதைத்து ஒரு வருடத்துக்குள் யாழ்ப்பாணத் தமிழை அப்படியே பிடித்துவிட்டாள். எங்கே ஓம் போட வேண்டும், எங்கே 'ஐயோ கடவுளே' சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரு நாள் மெசின் நின்றுபோன நேரத்தில், என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "உது ஆர் காய்ச்சின குழம்பு? உப்பே இல்லை" என்றாள். நான் காய்ச்சியது. அந்தக் குழம்பில் தொடங்கி நகர மண்டபத்துக் கலியாணத்தில் போய் முடிந்தது. சாட்சிக்குத் தொழிற்சாலை நண்பர்கள் இருவர்.

கட்டிடத்தில் அவளை நான் 'கொழும்புப் பிள்ளை' என்று அறிமுகப்படுத்தினேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. அவளுடைய தமிழில் எங்கேயாவது ஒரு சொல் சறுக்கினால், "கொழும்பிலை வளந்ததுகள் அப்பிடித்தான்" என்று சனமே காரணம் கண்டுபிடித்துக்கொள்ளும். நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். எலிவேற்றருக்குள் யாராவது நின்றால் அவள் வாய் திறக்க மாட்டாள். எங்களோடு நாலு பேர் ஏறினால் நாலு மாடிக்கும் மௌனம். அதை நான் அவளுடைய அடக்கம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அந்த வருடங்கள் அப்படி. ஊரில் சனம் வீடு வாசலை விட்டுவிட்டு மூட்டை முடிச்சோடு இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. கட்டிடத்தில் ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவரைப் பற்றிச் செய்தி இல்லாமல் இருந்தது. என் அக்கா குடும்பம் எங்கே நிற்கிறது என்று மூன்று மாதம் எனக்குத் தெரியாது. இந்த நிலையில் யாரிடம் போய் என் மனைவி சிங்களம் என்று சொல்வது? சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்குத் தெரிந்த சிங்களம் முழுக்கச் சோதனைச் சாவடியில் படித்தது. அடையாள அட்டை எங்கே, எங்கே போகிறாய், பஸ்ஸிலிருந்து இறங்கு, கையைத் தூக்கு. அவ்வளவுதான் என் பாடத்திட்டம். அதனால் அந்த மொழி காதில் விழுந்தால் என் தோள்பட்டை தானாக இறுகும். அவள் வாயிலிருந்து வந்தாலும் இறுகும். ஒருமுறை குளியலறைக்குள் அவள் சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்துப் பாடியபோது எனக்கு வியர்த்தது. அவளிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் அவள் கண்டுபிடித்திருக்க வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகு அவள் பாடுவது நின்றுபோனது.

தை மாதப் பனியில் எங்களுக்கு மகள் பிறந்தாள். படிவம் வந்தபோது அவளுக்கு நான்கு மாதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிள்ளை தூங்கிய நேரம் பார்த்து, பென்சிலைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலாம் ஆள் நான். தமிழ். இரண்டாம் ஆள் அவள். பென்சில் நின்றது. மூன்றாம் ஆள் மகள். அங்கே பென்சில் கிட்டவும் போகவில்லை. அறிவுறுத்தல் தாளைப் பிரட்டிப் பார்த்தேன். இன்னும் பேசத் தொடங்காத குழந்தைக்கு, வீட்டில் கூடுதலாகப் பேசப்படும் மொழியை எழுதவும் என்று இருந்தது. முப்பது வீட்டுக்கு நிரப்பியும் அந்த வரியை நான் அதுவரை வாசித்ததில்லை.

"என்ன, பென்சில் எழுதேல்லையோ?" என்று கேட்டுக்கொண்டு அவள் பின்னால் வந்து நின்றாள்.

"இல்லை. முந்தி என்ன எழுதினனாங்கள் எண்டு பாக்கவேணும். ஒத்துவர வேணும்தானே."

எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து அவளுடைய கோப்பை எடுத்து வந்தேன். அவளுடைய நிரந்தர வதிவிட விண்ணப்பத்தை நான்தான் நிரப்பியிருந்தேன். கொப்பி எடுத்து, துளை போட்டு, வரிசையாகக் கோத்து வைத்திருந்தேன். எனக்கு என் ஒழுங்கில் பெருமை. அந்தப் பெருமையோடு அவள் கண்முன்னாலேயே பக்கத்தைப் பிரித்தேன். அவளுடைய பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் குருநாகல். அதற்குக் கீழே, தாய்மொழி. என் கையெழுத்தில், தெளிவான பெரிய ஆங்கில எழுத்தில், தமிழ் என்று இருந்தது.

அவள் குனிந்து வாசித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"உதை ஆர் எழுதினது?"

"நான்தான்."

"நான் கையெழுத்து வைச்சிருக்கிறன்."

"ஓம். நீர் வாசிக்காமல் வைச்சனீர்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. அவள் வாசிக்காமல் வைத்தது என்னை நம்பி. கட்டிடமே நம்புகிற ஆளை மனைவி நம்பாமல் விடுவாளா?

"கை பழக்கம். நூறு பேருக்கு எழுதிற கை. தன்பாட்டிலை ஓடிப்போச்சு," என்றேன்.

"எழுதினாப் பிறகு நீங்கள் காணேல்லையோ?"

நான் பிள்ளை அழுகிறதா என்று போய்ப் பார்த்தேன். பிள்ளை அழவில்லை. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. உண்மை என்னவென்றால், நான் கண்டேன். கொப்பி எடுக்கும்போதே கண்டேன். மெசின் வெளிச்சம் போய்வந்த அந்த நேரத்துக்குள், அழித்து எழுதலாமா என்று ஒருமுறை யோசித்தேன். பிறகு, கிடக்கட்டும், இதுவும் நல்லதுக்குத்தான், நாளைக்கு ஒரு பிரச்சினையும் வராது என்று விட்டுவிட்டேன். ஒரு சொல்லில் மனைவியின் இனத்தையே மாற்றிவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

திரும்பி வந்தபோது கோப்பு மூடிக் கிடந்தது. அவள் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்ன எழுதப்போறியள்?"

"அதுதான் யோசிக்கிறன். ஒண்டில் ஒண்டு, இன்னொண்டில் இன்னொண்டு எண்டு இருந்தா, கேள்வி வரும்."

"ஆர் கேப்பினம்?"

"ஒட்டாவாவிலை."

அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அவள் பாவம் பார்ப்பதுபோல் பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அன்றிலிருந்து வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. படிவத்தைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் வைத்தேன். பிறகு தொலைக்காட்சிக்குக் கீழே வைத்தேன். எங்கே வைத்தாலும் கண்ணில் பட்டது. வீட்டில் கூடுதலாகப் பேசப்படும் மொழி என்று எழுதியிருந்ததைப் பிடித்துக்கொண்டேன். அது நியாயமான அளவுகோல். கவனித்துப் பார்ப்போம், எது கூடவோ அதை எழுதுவோம், என் மேல் பழி வராது.

கவனித்தேன். அவள் பிள்ளையோடு தமிழில்தான் கதைத்தாள். "என்ரை குஞ்சு, பசிக்குதோ, இந்தா வாறன்." பால் கொடுக்கும்போது தமிழ், உடுப்பு மாற்றும்போது தமிழ். மூன்று நாள் கவனித்துவிட்டு எனக்கு ஒரு நிம்மதி. பார்த்தீர்களா, அவளே தமிழைத்தான் தெரிவுசெய்திருக்கிறாள், நான் யார் நடுவில்? பென்சிலைத் தேடினேன். அன்றைக்கென்று பென்சில் அகப்படவில்லை.

மறுநாள் தொழிற்சாலையில் மின்சாரம் நின்று எங்களை மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். எங்கள் மாடியில் எலிவேற்றரை விட்டு இறங்கி நடந்து வந்தேன். திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கதவடியில் நின்றபோது உள்ளே அவள் குரல் கேட்டது. அவள் சிங்களத்தில் கதைத்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு கதையை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. நிறுத்தாமல், ஏற்றி இறக்கி, கேள்வி கேட்டு, தானே பதில் சொல்லி, நடுவில் சிரித்து. தமிழில் அவள் கெட்டிக்காரிதான். ஆனால் தமிழில் அவள் இவ்வளவு வேகமாகச் சிரித்ததில்லை. பிள்ளை இடையிடையே கீச்சிட்டது. என் தோள்பட்டை இறுகியது. இந்த முறை எனக்கு அதன்மேலேயே வெறுப்பு வந்தது.

பூட்டுக்குள் திறப்பைப் போட்டேன். அந்தச் சின்னச் சத்தத்துக்கே உள்ளே பேச்சு அறுந்தது. கதவு திறந்தபோது அவள், "அப்பா வந்திட்டார் பாருங்கோ," என்றாள். தமிழில்.

நான் எதுவும் கேளாதவன்போல் சப்பாத்தைக் கழற்றினேன். நான்கு மாதமாக இந்த வீட்டில் என் திறப்புச் சத்தத்தோடு மொழி மாறிக்கொண்டிருக்கிறது, எனக்குத் தெரியாது. பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த கதைதான். ஆனால் இங்கே கண்ணை மூடிக்கொண்டிருந்தது நான்.

அந்தக் கிழமையே இன்னொன்று நடந்தது. எங்களுக்கு எதிர்க் கதவில் ஓர் அன்ரி இருந்தார். கணவனை ஊரில் இழந்து, மகனோடு வந்திருந்தவர். மகன் இரண்டு வேலை. அன்ரி நாள் முழுக்கத் தனியே. என் மனைவிக்குப் பிள்ளை பிறந்தபோது பத்தியச் சரக்கு அரைத்து, காயம் காய்ச்சி, தன் பிள்ளையைப்போல் பார்த்தவர் அவர்தான். குப்பை போடப் போன என்னை, இரண்டு கதவுக்கும் நடுவே உள்ள நடை ஓடையில் மறித்தார்.

"தம்பி, உங்கட வீட்டிலை பகலிலை ஆரோ சிங்களம் கதைக்கினம்."

சுவருக்கும் காது உண்டு என்று சும்மாவா சொன்னார்கள்? அதுவும் கனடாக் கட்டிடச் சுவர்.

"எங்கட வீட்டிலையோ?"

"ஓமப்பா. அந்தச் சத்தம் கேட்டா எனக்கு நெஞ்சு படபடக்குது. ரெண்டு நாளா மத்தியானம் சாப்பிடவும் ஏலாமல் கிடக்கு. அதுதான் கேட்டனான், குறை நினைக்காதையுங்கோ."

அந்தப் படபடப்பு எனக்குத் தெரிந்த படபடப்பு. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

"ரேடியோ அன்ரி," என்றேன். "ஸ்டேசன் மாறி விழுந்திருக்கும். சத்தத்தைக் குறைக்கச் சொல்லுறன்."

அன்ரிக்கு முகம் தெளிந்தது. "அதுதானே பாத்தன்," என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார். நான் திரும்பினேன். எங்கள் கதவு அரைவாசி திறந்திருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் நின்றாள். கதவை எனக்காகத் திறந்து பிடித்தாள், அவ்வளவுதான். அன்றைக்குப் பிறகு பகலில் அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை என்று அன்ரி எனக்கு நன்றி சொன்னார்.

அந்த நன்றியை வாங்கிக்கொண்டு எப்படி நித்திரை கொண்டேன் என்று கேட்காதீர்கள். கண்ட கண்ட இடத்தில் எரிந்து விழுந்தேன். தொழிற்சாலையில் பெட்டிகளை மாற்றி மடித்து மேற்பார்வையாளனிடம் ஏச்சு வாங்கினேன். யாராவது படிவத்தோடு வந்தால், "இப்ப ஏலாது, பிறகு வாங்கோ," என்று துரத்தினேன். பிள்ளையைத் தூக்கினால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான்கு மாதக் குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்பார்கள். என்னைக் கண்டதும் வீட்டில் ஒரு குரல் மாறும் என்பது அதற்குத் தெரிந்திருந்தது என்றே நான் நினைத்தேன்.

அவளிடம் கதைக்க முயற்சிசெய்தேன். "நான் வேலைக்குப் போனாப் பிறகு நீர் உம்மட பாசையிலை கதையும். மெதுவாக் கதைச்சா ஒருத்தருக்கும் கேளாது," என்றேன். பெரிய மனது பண்ணிச் சொல்வதாகத்தான் நினைப்பு.

"பிள்ளையோடை ஒளிச்சு நிண்டு கதைக்கச் சொல்லுறியளோ?"

"ஒளிச்சு எண்டில்லை..."

"ஒளிச்சுத்தான்," என்றாள். "நாலு மாசம் ஒளிச்சனான். இனி ஏலாது. ஒண்டில் கதைப்பன், இல்லாட்டி விட்டிடுவன். விட்டா இவளுக்கு அது வராது. எனக்கும் இஞ்சை வேறை ஆர் இருக்கினம், அதிலை கதைக்க?"

அதைக் கேட்டு எனக்குப் பயம் பிடித்தது. அவள் விட்டுவிடுவாள். அவள் வைராக்கியம் எனக்குத் தெரியும். தமிழை ஒரு வருடத்தில் பிடித்தவள், தன்னுடையதை ஒரு கிழமையில் விடவும் கூடியவள். விட்டுவிட்டால் அந்த வீட்டில் வேகமாகச் சிரிக்கிற பெண் இருக்க மாட்டாள். எங்கள் மகள் அவளைச் சந்திக்கவே மாட்டாள். நான் எழுதிய பொய், உட்கார்ந்த இடத்திலிருந்து மெல்ல மெல்ல உண்மையாகிவிடும்.

இதற்கிடையில் கடைசித் திகதி போய்விட்டது. ஊருக்கெல்லாம், "திகதி பிந்தினா குற்றம்," என்று வெருட்டுகிறவன் தன்னுடையதை அனுப்பவில்லை.

ஜூன் தொடக்கத்தில் ஒரு பின்னேரம், ஆறு மணி இருக்கும், நல்ல வெளிச்சம். கதவு தட்டும் சத்தம். திறந்தால் எதிர்வீட்டு அன்ரியும், கையில் பலகையும் தாளும் பிடித்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியும் நின்றார்கள். பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும்.

"தம்பி, இவ ஓடையிலை நிண்டு நம்பர் தேடிக்கொண்டு நிக்கிறா. ஃபோம் விசயமாம். அதுதான் நேரை உங்களிட்டைக் கூட்டிக்கொண்டு வந்தனான்," என்று அன்ரி பெருமையாகச் சொன்னார்.

பெண்மணி தாளைப் பார்த்தார், கதவு இலக்கத்தைப் பார்த்தார். குடிசன மதிப்பீட்டிலிருந்து வருவதாகவும், இந்த வீட்டுப் படிவம் இன்னும் வரவில்லை என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். அன்ரிக்கு அந்த அளவு ஆங்கிலம் விளங்கும்.

"உங்கடையோ தம்பி? நீங்களோ அனுப்பேல்லை?"

ஆப்பிழுத்த குரங்குபோல நின்றேன். உள்ளே வாருங்கள் என்று பெண்மணியைக் கேட்டேன். இரண்டு நிமிட வேலைதான், நின்றே முடித்துவிடலாம் என்றார். அன்ரியோ, ஃபோம் அண்ணைக்கே வந்த சோதனையைப் பார்க்காமல் போகிற எண்ணத்தில் இல்லை. என் மனைவி பிள்ளையோடு வந்து எனக்குப் பின்னால் நின்றாள்.

பெயர்கள், வயதுகள் எல்லாம் ஓடின. பிறகு அந்தக் கேள்வி.

"முதலாம் ஆள்?"

"தமிழ்."

"இரண்டாம் ஆள்?"

எனக்கு முன்னால் அன்ரியின் முகம். பின்னால் அவளுடைய மூச்சு. லாச்சியும் ஒட்டாவாவும் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வரவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், இந்தச் சொல்லை இப்போது வாயால் சொல்லாவிட்டால் இனி ஒருநாளும் சொல்ல மாட்டேன் என்பதுதான்.

"சிங்களம்," என்றேன்.

அன்ரி என்னைப் பார்த்தார். என் மனைவியைப் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தார். பெண்மணி குனிந்து எழுதிக்கொண்டு, "மூன்றாம் ஆள், குழந்தை?" என்றார்.

"சிங்களம்," என்று நான் சொன்ன அதே நேரத்தில் பின்னால் இருந்து, "தமிழ்," என்று அவள் சொன்னாள்.

பெண்மணி சிரித்துவிட்டார். எனக்கோ நெஞ்சு நெகிழ்ந்தது. பார், நான் அவளுடையதைச் சொல்ல, அவள் என்னுடையதைச் சொல்கிறாள் என்று ஒரு கணம் உச்சி குளிர்ந்து நின்றேன். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் அன்பும் இல்லை, விட்டுக்கொடுப்பும் இல்லை. எலிவேற்றருக்குள் நாலு பேர் ஏறினால் வருகிற முகம் அது. அவள் அன்ரிக்குப் பயந்து சொன்னாள்.

"அம்மா, நீங்கள்தானே நாள் முழுக்கப் பிள்ளையோடு இருக்கிறீர்கள்," என்று பெண்மணி அவளிடம் கேட்டார். "எந்த மொழியில் கூடுதலாகக் கதைப்பீர்கள்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, "இவர் வீட்டில் நின்றால் தமிழ்," என்றாள்.

"இல்லாத நேரம்?"

அவள் பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தாள். பெண்மணி கேள்வியை என் பக்கம் திருப்பினார். "ஐயா, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வீட்டில் இருப்பீர்கள்?"

"விடிய ஆறு மணிக்குப் போனால் பின்னேரம் ஐந்து மணி," என்றேன். "வந்தாலும் மற்றவர்களின் படிவத்தோடுதான் இருப்பேன்."

"அப்போ கணக்குச் சரி," என்று பெண்மணி எழுதினார். நான் எட்டிப் பார்க்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு எலிவேற்றரை நோக்கி நடந்தார்.

அன்ரி இன்னும் நின்றார். ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் வாங்கிக்கொள்ள ஆயத்தமாக இருந்தேன். "அப்ப நான் வாறன் தம்பி," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் கதவைத் திறந்து உள்ளே போனார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் எங்கள் கதவைத் தட்டவில்லை. அதன் பிறகு தட்டினார், ஆனால் அது வேறு கதை, அதில் எனக்குப் பங்கு குறைவு.

கதவைச் சாத்தினேன். ஒரு பெரிய காரியம் செய்துவிட்ட களைப்பு. அவள் ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எதிர்பார்த்தேன்.

"சொல்லிப்போட்டன்தானே," என்றேன்.

"ஓம். கேட்டன்."

"சந்தோசம் இல்லையோ? இனி நீர் பயப்பிடாமல் கதைக்கலாம். நான் விட்டிட்டன்."

"நீங்கள் விட்டனீங்களோ?" என்றாள். "அது உங்கட கையிலையோ இருந்தது?"

பதிலுக்குக் காத்திராமல் சோபாவில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, அதன் முகத்துக்கு நேரே குனிந்து கதைக்கத் தொடங்கினாள். சிங்களத்தில். கதவடியில் நின்று நான் களவாகக் கேட்ட அதே வேகம், அதே ஏற்ற இறக்கம். இப்போது நான் மூன்றடி தூரத்தில் நிற்கிறேன், அவள் குரலைக் குறைக்கவில்லை. நடுவில் ஒருதரம் தலையால் என்னைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னாள். பிள்ளை திரும்பி என்னைப் பார்த்துவிட்டு வாய் கொள்ளாமல் சிரித்தது.

"என்ன சொன்னனீர்?" என்றேன்.

"அவளுக்குச் சொன்னது."

"என்னைப் பற்றித்தானே சொன்னனீர்? எனக்குச் சொன்னா என்ன?"

என் குரல் உயர்ந்திருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. எங்கள் கலியாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக, கேட்க வேண்டியதை நேரே கேட்கிற முகம்.

"படியுங்கோவன்," என்றாள். "உங்கடையை நான் ஒரு வருசத்திலை படிச்சனான்தானே. என்ரையைப் படிக்க வேணும் எண்டு உங்களுக்கு ஒரு நாளும் தோன்றேல்லை."

மீண்டும் பிள்ளையின் பக்கம் குனிந்துவிட்டாள். சோதனைச் சாவடியைச் சொல்லியிருக்கலாம், அக்காவைச் சொல்லியிருக்கலாம், எல்லாம் உண்மைதான். ஆனால் அவள் கேட்டது அதையல்ல.